மூன்று வட்டத்தில் ஒன்றைத் தொடுங்கள்

ஒரு ஓட்டக் குழுவில் சேர கூகுள் ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், வயது, ரத்த வகை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, எல்லாம் மளமளவென்று போயிற்று. அடுத்த கேள்வி: நீங்கள் பிகினரா, இன்டர்மீடியட்டா, அட்வான்ஸ்டா? மூன்று வட்டம், ஒன்றைத்தான் தொட முடியும். கீழே விளக்கமும் இருந்தது. இதுவரை ஓடியே பழக்கமில்லாதவர் பிகினர், பத்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடுபவர் இன்டர்மீடியட், ஹாஃப் மாரத்தான், அதாவது 21 கிலோமீட்டர், முடித்தவர் அட்வான்ஸ்ட். இந்தக் கணக்குப்படி நான் அட்வான்ஸ்ட். ஹாஃப் பலமுறை முடித்திருக்கிறேன், ஒரு ஃபுல்லும் (42 கிலோமீட்டர்) உண்டு, அந்த மெடல்கள் பீரோவுக்குள் எங்கேயோ பழைய பாஸ்போர்ட்டுகளோடு கிடக்கின்றன. ஆனால் அன்றைய நிலவரப்படி மந்தைவெளியில் கிளம்பி கலங்கரை விளக்கம் போய்ச் சேர்வதற்குள் நாக்குத் தள்ளிவிடும். குழுவை நடத்தும் பையனுக்குப் போன் போட்டேன். "விட்டு எவ்ளோ வருஷம் ஆச்சுக்கா?" என்றான். சொன்னேன். "அப்போ பிகினர்னே போட்டுடுங்கக்கா, அதான் சேஃப்" என்றான். போட்டுவிட்டேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. கௌரவக் குறைச்சலால் இல்லை (சரி, கொஞ்சம் அதுவும்தான்). பிகினருக்கு என்று எழுதிய திட்டம் எனக்குச் சரிப்படாது என்று உள்ளே ஏதோ உறுத்தியது, ஏன் என்று கேட்டால் அப்போது பதில் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது ஓரளவு தெரிகிறது.

ஏன் நிறுத்தினாய் என்று கேட்பவர்கள் கையிலேயே பதிலையும் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். குழந்தையா, முட்டியா, மாமியாரா? மூன்றும் இல்லை. 2015 டிசம்பரில் நாங்கள் கோட்டூர்புரத்தில் ஆற்றோரமாகத் தரைத்தளத்தில் குடியிருந்தோம். அந்த முதல் தேதி ராத்திரியைப் பற்றி சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பியபோது ஃபிரிட்ஜ் ஹாலில் மல்லாந்து கிடந்தது, ஷூ ஸ்டாண்டைக் காணோம். என் ஓட்ட ஷூவில் ஒன்று மட்டும் சமையலறை மேடைக்கு அடியில் சேறு அப்பிக் கிடைத்தது, லேஸ் கட்டியபடியே. இன்னொன்று வரவேயில்லை. அப்புறம் வீடு மாறினோம், பள்ளிக்கூடச் சான்றிதழுக்கும் ரேஷன் கார்டுக்கும் நகல் வாங்க அலைந்தோம், ஒரு ஜோடி ஷூ வாங்குவது பட்டியலில் கீழே கீழே போய்க்கொண்டேயிருந்தது. அடுத்த டிசம்பரில் வர்தா புயல் வந்து மரங்களையெல்லாம் சாய்த்தது. அப்புறம் 2020. ஒவ்வொன்றும் கேட்பவர் தலையாட்டும்படியான காரணம். ஆனால் உண்மையில் எதுவும் காரணமில்லை. நின்றது, அவ்வளவுதான். நிற்பதற்குக் காரணமே தேவைப்படுவதில்லை என்பது ஓடியவர்களுக்குத் தெரியும்.

திரும்ப ஓட வந்ததற்கும் பெரிய கதை கிடையாது. உறவுக்காரர் ஒருவரை விடியற்காலை ரயிலுக்காக சென்ட்ரலில் இறக்கிவிட்டு காமராஜர் சாலை வழியாக வந்துகொண்டிருந்தேன். நேப்பியர் பாலம் தாண்டி உழைப்பாளர் சிலைப் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் நாலைந்து பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் தோள் இரண்டையும் காதுவரை தூக்கிக்கொண்டு, கையை மார்புக்குக் குறுக்கே வீசிக்கொண்டு வந்தாள். கார் ஓட்டிக்கொண்டே, "தோளை இறக்கும்மா, கையை முன்னும் பின்னுமா வீசு" என்று வாய்விட்டுச் சொன்னேன். கண்ணாடி ஏற்றியிருந்தது, நல்ல வேளை. வீட்டுக்கு வரும்வரை அவள் கையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே ஷூ வாங்கப் போனேன்.

ஷூ கடையில்தான் எவ்வளவு காலம் போயிருக்கிறது என்று உறைத்தது. நான் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் வெறுங்கால் மோகம் உச்சத்தில் இருந்தது. குஷன் வைத்த ஷூதான் காலைக் கெடுக்கிறது, மனிதப் பாதம் மண்ணில் ஓடவே படைக்கப்பட்டது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். விரல் விரலாகப் பிரிந்த ரப்பர் ஷூவை மாட்டிக்கொண்டு மெரினாவில் சிலர் தவளை மாதிரி போவார்கள். யாராவது ஒருவர் தவறாமல் சிவ்நாத் சிங்கை இழுப்பார். 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் முடித்தவர், வெறுங்காலில் ஓடிப் பழகியவர், அவருடைய நேரத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எந்த இந்தியரும் தாண்டவில்லை, அதனால் ஷூவே வேண்டாம் என்பது வாதம். (அவர் பஞ்சாபில் ஓடினாரா பட்டினப்பாக்கத்தில் ஓடினாரா என்று யாரும் யோசிக்கவில்லை. பட்டினப்பாக்கத்தில் கண்ணாடிச் சில்லும் மீன் முள்ளும் கிடக்கும்.) நான் இல்லாத இடைவெளியில் காற்று அப்படியே திசை மாறிவிட்டது. 2017-க்குப் பிறகு கார்பன் தகடு வைத்த தடிமனான நுரை ஷூக்கள் வந்து, சாதனைகள் வரிசையாக உடைந்து, 2020-ல் உலகத் தடகள அமைப்பே தலையிட்டு, சாலைப் போட்டி ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, உள்ளே ஒரு தகடுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி போட வேண்டிவந்தது. கடைப்பையன் நீட்டிய ஒன்றைப் போட்டு நின்றால் என் உயரமே கூடிவிட்டது. இரண்டு மோகத்துக்கும் நடுவே எழுந்து வந்தவளாக, சாதாரண ஷூ ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். விலையை வீட்டில் சொல்லவில்லை.

மூச்சு முதலில் வந்துவிடும்

ஆரம்ப வாரங்கள் எதிர்பார்த்தபடியே மோசம். குழுவின் பிகினர் திட்டம் ஒரு நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நட என்று ஆரம்பித்து மெல்ல ஏறும். அதற்கே வாய் பிளந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். என்னோடு சேர்ந்த மற்ற புதியவர்கள் படிப்படியாக முன்னேறிக்கொண்டிருக்க, எனக்குத் திடீரென்று கதவு திறந்தது. ஒரு காலையில் காந்தி சிலையில் தொடங்கி மெட்ரோ தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு உள்சாலையில் போகிறேன், மூச்சு சீராக வருகிறது, பக்கத்தில் வந்த பெண் ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துப் பேசுகிறாள், நான் முழுசாகப் பதில் சொல்கிறேன். உடம்பு இன்னும் வேகமாகப் போ என்கிறது.

இதற்கு விளக்கம் உண்டு. பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடத் தொடங்குகிறது, இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. முன்பு பயிற்சி பெற்ற தசையும் எல்லாவற்றையும் மறந்துவிடுவதில்லை. வளரும்போது தசை நாரில் கூடுதலாகச் சேர்ந்த உட்கருக்கள், தசை சுருங்கிய பிறகும் நெடுநாள் அங்கேயே இருப்பதை ஆஸ்லோ ஆய்வாளர்கள் 2010-ல் எலிகளில் காட்டினார்கள். மனிதர்களில் இது எந்த அளவுக்கு என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. எப்படியோ, திரும்பி வருபவருக்கு மூச்சும் தசையும் சீக்கிரம் வந்துவிடுகின்றன. தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாணும், எலும்பும் அப்படியில்லை. நாணுக்கு ரத்த ஓட்டமே குறைவு. எலும்பு பளுவுக்குப் பழகும்போது பழையதை அரித்து எடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும், அதற்கு மாதக் கணக்கில் ஆகும். இதையெல்லாம் எங்கெங்கோ படித்திருக்கிறேன். படித்ததற்கும் அந்தக் காலை நேரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. மணி ஐந்தரை, வங்காள விரிகுடா, மூச்சு நன்றாக இருக்கிறது, யார் தசைநாணைப் பற்றி யோசிப்பார்கள்?

இடது குதிகாலுக்கு மேலே, கெண்டைக்கால் முடிகிற இடத்தில், காலையில் கட்டிலிலிருந்து இறங்கியதும் ஒரு விறைப்பு. வலி என்றுகூடச் சொல்ல முடியாது. பாத்ரூம் போய்ப் பல் தேய்ப்பதற்குள் போய்விடும். பழைய பழக்கப்படி நான் அதைக் கவனித்தேன், பெயர் வைத்தேன், ஒதுக்கி வைத்தேன். நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் கற்றுக்கொள்ளும் முதல் வித்தையே அதுதான், எந்த வலியைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பது. முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் உடம்பு முழுக்க நில் நில் என்று கத்தும்போது அதற்குச் செவிசாய்த்தால் யாரும் ஃபுல் முடிக்க முடியாது. அந்த வித்தையைக் கற்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. இத்தனை வருஷம் ஓடாமல் இருந்தும் அது மட்டும் துருப்பிடிக்காமல் அப்படியே இருந்தது.

சுவரில் ஒட்டிய டேப்

குழுவில் சேர்ந்தவர்கள் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ள வேண்டும் என்று விதி. ஆழ்வார்ப்பேட்டையில் ஒரு மாடி வீட்டுக் கிளினிக், ஐந்நூறு ரூபாய். சின்னப் பெண். முப்பது வயது இருக்காது. நான் என் சரித்திரத்தையெல்லாம் சொன்னேன், அவள் குறித்துக்கொண்டாள், பெரிதாக அசந்துபோனதாகத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னாள். சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, விரல் நுனி மட்டும் சுவரில் படலாம், சாயக்கூடாது என்றாள். ஒற்றைக் காலில் நின்று, முட்டியை மடக்காமல், குதிகாலை எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ தூக்கச் சொன்னாள். தூக்கினேன். என் உச்சந்தலை எட்டிய உயரத்தில் சுவரில் ஒரு துண்டு டேப் ஒட்டினாள். "இப்போ தூக்கி இறக்குங்கக்கா, ஒவ்வொரு தடவையும் தலை இந்த டேப் வரைக்கும் வரணும். இருபத்தஞ்சு வந்தா நல்லது." போனில் டிக் டிக் என்று தாளம் வைத்தாள்.

வலது காலில் தடுமாறினாலும் கிட்டத்தட்ட வந்துவிட்டேன். இடது கால். முதல் சில தடவை பிரச்சனையில்லை. அப்புறம் குதிகால் ஏறுகிறது, ஆனால் தலை டேப்புக்குப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் என்று தள்ளினால் முட்டி தானாக மடங்குகிறது, இடுப்பு சுவர்ப் பக்கம் போகிறது, உடம்பு எப்படியாவது ஏமாற்றி உயரத்தைக் காட்டப் பார்க்கிறது. அவள் ஒவ்வொன்றுக்கும், "முட்டி... இடுப்பு... இது கணக்கில்ல" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். பாதியைக்கூடத் தாண்டவில்லை. கால் நடுங்கி, குதிகால் சும்மா தரையில் போய் உட்கார்ந்துவிட்டது. நான் எவ்வளவு சொல்லியும் எழவில்லை. வலித்தால் பொறுத்துக்கொள்ளலாம். வலிக்கவே இல்லை, வெறுமனே முடிந்துபோயிருந்தது.

"மூச்சு வாங்குதாக்கா?" என்றாள்.

"இல்லையே."

"அதான். புதுசா ஓட வர்றவங்களுக்கு மூச்சுதான் பிரேக். கால் கெட்டுப் போறதுக்கு முன்னாடியே மூச்சு வாங்கி நின்னுடுவாங்க. உங்களுக்கு அந்த பிரேக் போயிடுச்சு. அதுவும் போக, வலிச்சா நிக்கணும்னு உங்களுக்குத் தோணாது, பழகிட்டீங்க. அதனால நீங்க மூச்சை வெச்சு முடிவு பண்ணாதீங்க."

ஃபார்ம் நிரப்பும்போது உறுத்தியது இதுதான் என்று படியிறங்கும்போதே புரிந்துவிட்டது. திரும்பி வருபவர் புதியவரைவிட ஒரு படி மேலே இருக்கிறார் என்று எல்லோரும் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் புதியவரைக் காப்பாற்றும் இரண்டு விஷயம் திரும்பி வருபவரிடம் இல்லை. முட்டுகிற மூச்சு இல்லை, பயமும் இல்லை. அட்வான்ஸ்ட் என்று ஒருவரைச் சொல்ல வைக்கும் அதே திறமைதான் அவருக்கு ஆபத்து. பிகினர் திட்டம் எனக்குப் பொருந்தாததற்குக் காரணம் அது எளிதாக இருந்ததல்ல. அந்தத் திட்டமே, தாங்காதபோது ஆள் தானாக நின்றுவிடுவார் என்ற நம்பிக்கையில் எழுதியது.

ஓடும் அளவை வாரம் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றாதே என்று ஒரு பழைய விதி உண்டு, அதைப் பிடித்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் 2008-ல் அந்த விதியைச் சோதித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்நூற்றுச் சொச்சம் பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 13 வாரம் மெதுவாகப் பத்து சதவீதக் கணக்கில் ஏற்றினார்கள், மறுபாதிக்கு வழக்கமான 8 வாரத் திட்டம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம், வித்தியாசமே இல்லை. அவர்களெல்லாம் புதியவர்கள். பிரேக் உள்ளவர்களுக்கே அந்த விதி பெரிதாக உதவவில்லை என்றால் எனக்கு என்ன செய்துவிடப் போகிறது?

பிசியோ பெண் எனக்குக் கொடுத்தது படிக்கட்டுப் பயிற்சி. படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் எழும்பி, ஒற்றைக் காலில் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். இது ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற ஸ்வீடன் எலும்பியல் மருத்துவரின் முறை, 1998-ல் வெளியிட்டார். முட்டியை நேராக வைத்து பதினைந்து பதினைந்தாக மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 12 வாரம். இதன் பின்னால் ஒரு கதை சொல்வார்கள். அவரும் ஓடுபவர், அவருக்கே குதிகால் நாணில் தீராத வலி. அறுவை சிகிச்சை கேட்டார், அந்த அளவுக்குக் கெடவில்லை, லீவும் தர முடியாது என்று மேலதிகாரி மறுத்துவிட்டார். சரி, முழுசாக அறுந்தே போகட்டும், அப்போதாவது ஆபரேஷன் செய்வீர்கள் என்று கோபத்தில் பளுவைப் போட்டு இறக்கி இறக்கித் தள்ளினாராம். அறுந்து போகவில்லை, வலி போய்விட்டது. இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. வலியை மதிக்காத ஓட்டக்காரரின் பிடிவாதம் ஒரு தடவையாவது நல்லதில் முடிந்ததே.

எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படியில், இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்கிறேன். மேல் வீட்டு மாமி பால் வாங்கப் போகும்போது, "ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல, அப்படி என்னடி பண்ற அங்க?" என்றார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கும் குதிகால் வலிதான், நான் வெந்நீர்ல உப்புப் போட்டுக் காலை வெப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடப்பதில் உள்ள சங்கடம்

இப்போது ஓடுவது இப்படி: நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, மறுபடியும். மூச்சு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நடக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். 1972 ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே இந்த ஓட்ட-நடை முறையைப் பரப்பியவர், களைப்பதற்கு முன்பே நடந்துவிடு என்பார். கேட்க எளிது. நன்றாக வந்துகொண்டிருக்கும் நேரத்தில் கடிகாரம் பீப் அடித்ததும் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, அத்தனை பேர் பார்க்க, சட்டென்று நடைக்கு மாறுவது இருக்கிறதே, அதற்கு ஒரு மனசு வேண்டும். அருகம்புல் சாறு விற்கிறவர் தினமும் என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்தாம்மா, விடாதீங்க" என்று உற்சாகப்படுத்துகிறார். நல்ல மனிதர். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க வேண்டியிருக்கிறது.

ஓடுவதை விடாத என் பழைய தோழி ஒருத்தி இருக்கிறாள். எல்லா வெயிலிலும், எல்லா மழையிலும், கத்திரியிலும்கூட ஓடியவள். அவளுக்கு இது ஒப்பவில்லை. "உடம்பு சொல்றதைக் கேளு, டைமர் சொல்றதைக் கேக்காதே" என்கிறாள். அவளுக்கு அது சரி. அவளுடைய மூச்சும் காலும் இத்தனை வருஷமும் ஒன்றாகவே வந்திருக்கின்றன, அவள் உடம்பு சொல்வது நிஜம். என் உடம்பு எனக்குப் பத்து வருஷத்துக்கு முந்தைய சேதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதை அவளுக்குப் புரியவைக்க முயன்று விட்டுவிட்டேன்.

சென்னையின் புழுக்கம் இந்த விஷயத்தில் எனக்குச் சாதகம் என்றுகூடச் சொல்வேன். வெப்பம் குறைவு என்று நாம் விடியற்காலையில் ஓடுகிறோம், ஆனால் நாளிலேயே காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், இங்கே அது காயாமல் சட்டையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கிறது. ஜூன் மாதத்தில் நொச்சிக்குப்பம் தாண்டும்போது எனக்கு மறுபடி மூச்சு முட்டுகிறது. போன பிரேக் அந்த நாட்களில் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. எனக்குக் கவலை ஜனவரியைப் பற்றித்தான். காற்று குளிர்ந்து, ஊரே ஓடுவதற்குத் தோதாக இருக்கும்போது யார் என்னை நிறுத்துவார்கள்?

அதனால் ஜனவரி மாரத்தானில் பத்து கிலோமீட்டருக்குத்தான் பணம் கட்டப் போகிறேன், ஹாஃப் இல்லை. ஹாஃப் முடிக்க முடியும் என்று எனக்குத் தெரியும், முடியும் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். தோழி ஹாஃபுக்குப் பதிவு செய்யப் போகிறாளாம், "உன் பேரையும் சேர்த்துப் போட்டுடறேன், அப்புறம் நீயே வந்துடுவே" என்கிறாள். நேற்றும் போன் செய்தாள். இடது காலில் டேப்பை இருபத்தைந்து தடவை தொட்டுவிட்டு அடுத்த வருஷம் வருகிறேன் என்றேன். எந்த டேப் என்றாள்.